பைப்பை மறைக்கலாம், ஜாயிண்டைப் புதைக்கக் கூடாது

குரோம்பேட்டையில் இருக்கும் எங்கள் வீடு 1987-இல் கட்டியது. கீழே ஒன்று, மேலே ஒன்று என்று இரண்டு தளம். அந்தக் காலத்து வழக்கப்படி தண்ணீர் லைன் முழுக்க ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப், எல்லாம் சுவருக்குள் பதித்தது. போர்த் தண்ணீரில் உப்பு அதிகம் என்பதால் உள்ளே துரு ஏறி ஏறி, முக்கால் அங்குல பைப்பில் ஒரு பென்சில் நுழையும் அளவுக்குத்தான் ஓட்டை மிஞ்சியிருந்தது. சுவரில் ஈரம் பூத்தபோது உடைத்துப் பார்க்க யாருக்கும் தெம்பில்லை. பதித்த லைனை அப்படியே கைவிட்டு, சுவருக்கு மேலாகவே கிரீம் நிற சி.பி.வி.சி. பிளாஸ்டிக் பைப்பை ஓட்டிவிட்டார்கள். பிறகு அதன்மேல் கீசர் லைன், வாஷிங் மெஷின் லைன், ஆர்.ஓ. லைன் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. சமையலறைச் சுவரைப் பார்த்தால் ஏதோ ஆலைக்குள் வந்துவிட்ட மாதிரி இருக்கும்.

வீட்டைப் புதுப்பிக்கலாம் என்று முடிவானதும் இன்டீரியர் செய்பவர் ஒருவர் 3டி படம் போட்டுக் காட்டினார். அழகாகத்தான் இருந்தது. ஆனால் அதில் ஒரு பைப் கூட இல்லை. எங்கே போயிற்று என்று கேட்டேன். “அதெல்லாம் பேனலுக்குப் பின்னாடி போய்டும் சார்” என்றார். எங்கள் வீட்டுக்குப் பல வருடமாக வரும் பிளம்பர் அண்ணனிடம் அந்தப் படத்தைக் காட்டினேன். அவர் சொன்னதைத்தான் பிறகு ஒவ்வொரு முடிவுக்கும் உரைகல்லாக வைத்துக்கொண்டேன்: “தம்பி, பைப் ஒழுகாது. ஜாயிண்ட்தான் ஒழுகும். பைப்பை எங்க வேணா மறைச்சுக்கோ. ஜாயிண்ட் இருக்கிற இடத்துல ஒரு கதவு வெச்சிடு.”

முதலில் செய்ய வேண்டியது மறைப்பதல்ல, குறைப்பது. சுவரில் ஓடும் ஒவ்வொரு பைப்பும் எங்கிருந்து எங்கே போகிறது என்று வால்வை மூடி மூடிப் பார்த்தோம். சில எங்கேயும் போகவில்லை. எப்போதோ எடுத்துவிட்ட வாஷ் பேசினுக்குப் போன லைன் மூடி போட்டபடி நின்றுகொண்டிருந்தது. வாஷிங் மெஷினுக்கு வந்த லைன், இரண்டடி தள்ளி இருந்த பாத்ரூம் லைனிலிருந்து எடுக்காமல் மொட்டை மாடியிலிருந்து தனியாக இறங்கியிருந்தது. அவசரத்துக்கு அன்றன்றைக்குப் போட்டது அப்படியே நிலைத்துவிட்டது. இவற்றையெல்லாம் கழற்றிய பிறகு மறைக்க வேண்டியது கணிசமாகக் குறைந்தது. பைப்பை மறைக்கப் பெட்டி அடிப்பவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். அவர்களுக்குச் சதுர அடிக் கணக்கு.

மிஞ்சியதில் எதைச் சுவருக்குள் கொண்டுபோவது, எதைப் பெட்டிக்குள் விடுவது, எதை அப்படியே பெயிண்ட் அடித்து விடுவது என்பது அடுத்த கேள்வி.

சுவரில் காடி வெட்டிப் பதிப்பதுதான் பார்வைக்குச் சுத்தம். ஆனால் எல்லாச் சுவரும் அதற்குத் தாங்காது. எங்கள் வீடு தூண், பீம் போட்டுக் கட்டியதல்ல. 9 அங்குலச் செங்கல் சுவர்தான் மேல்தளத்தைச் சுமக்கிறது. இப்படிப்பட்ட சுமை தாங்கும் சுவருக்குக் கட்டுமானக்காரர்கள் வைத்திருக்கும் கணக்கு: நெடுக்காக, அதாவது மேலிருந்து கீழாக, வெட்டும் காடி சுவரின் கனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆழம் போகக் கூடாது, குறுக்காக வெட்டினால் ஆறில் ஒரு பங்கு. அதாவது 9 அங்குலச் சுவரில் நெடுக்காக 3 அங்குலம் வரை, குறுக்காக ஒன்றரை அங்குலம் வரை. குறுக்குக் காடிக்கு ஏன் இவ்வளவு கஞ்சத்தனம் என்றால், மேலிருந்து இறங்கும் பாரம் முழுக்க அந்தக் கோட்டைத் தாண்டித்தான் கீழே வர வேண்டும். சுவரின் நீளம் முழுக்க அதைச் சுரண்டிவிட்டால் அந்த இடத்தில் சுவரே மெலிந்துபோகிறது. நெடுக்குக் காடியில் பாரம் இரண்டு பக்கமும் ஒதுங்கி இறங்கிவிடும்.

தடுப்பாகக் கட்டிய 4½ அங்குலச் சுவருக்கும் இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். குறுக்கே முக்கால் அங்குலம்தான் வெட்டலாம். முக்கால் அங்குல சி.பி.வி.சி. பைப்பின் வெளிவிட்டமே 22 மி.மீ., அதாவது முக்கால் அங்குலத்தைவிட அதிகம். பூச்சின் கனத்தையும் சேர்த்துக்கொண்டால் பைப் எப்படியோ அடங்கும். எல்போ (வளைவு ஜாயிண்ட்) வரும் இடத்தில் மேலே மூட ஒன்றும் மிஞ்சாது. அதனால் அந்தச் சுவர்களில் குறுக்கு லைனே வேண்டாம் என்று வைத்துக்கொண்டோம். கான்கிரீட் தூண், பீம், லிண்டல் பக்கம் கட்டிங் மெஷினைக் கொண்டுபோகவே கூடாது. “கம்பி தெரியாம லேசா எடுத்துர்றேன்” என்று கொத்தனார் சொன்னாலும் விடாதீர்கள்.

சமையலறையில் இப்படித்தான் வழி பிறந்தது. மேடைக்கு மேலே குறுக்கே ஓடிய லைன்களைச் சுவருக்குள் தள்ளாமல், மேடைக்குக் கீழே கப்போர்டுக்குள் இறக்கிவிட்டோம். அங்கே அவை திறந்தேதான் ஓடுகின்றன. டீ ஜாயிண்ட், வால்வு, ஆர்.ஓ.வுக்கான கிளை எல்லாம் சிங்க்குக்குக் கீழே. குழாய் இருக்கும் இடத்தில் மட்டும் நெடுக்காக ஒரு காடி. கப்போர்டின் பின்பலகையை ஆசாரி ஒட்டப் பார்த்தார். ஸ்க்ரூ போடச் சொன்னேன். டிராயர் போடும்போது பின்னால் மூன்று அங்குலம் பைப்புக்கு விட வேண்டும் என்பதை அளவு எடுக்கும் அன்றே சொல்லிவிட வேண்டும். செய்து கொண்டுவந்த பிறகு சொன்னால் டிராயர் மூடாது.

காடி வெட்டுவதில் இரண்டு விஷயம். மெஷினில் இரண்டு பக்கமும் கோடு போட்டுக்கொண்டு, நடுவில் இருப்பதைச் சின்ன உளியால் எடுக்க வேண்டும். பெரிய உளியை வைத்து நேராக அடித்தால் மறுபக்க அறையின் பூச்சு உதிர்ந்து, அது ஒரு தனிச் செலவாகிவிடும். அடுத்து, கலவை போட்டு மூடுமுன் காடியின் மேல் கோழி வலை வைத்து, இரண்டு பக்கமும் மூன்று அங்குலமாவது ஏறும்படி ஆணி அடிக்க வேண்டும். பிளாஸ்டிக் பைப்பில் சிமெண்ட் பிடிக்காது. புதுக் கலவை காயும்போது சுருங்கும். வலை இல்லாவிட்டால், சில மாதத்தில் பைப் போகும் பாதை அப்படியே விரிசலாகச் சுவரில் தெரியும். மறைத்த பைப்புக்குச் சுவரே வரைபடம் போட்டுக் காட்டிவிடும். அந்தப் பட்டைக்கும் தண்ணீர் ஊற்ற வேண்டும். சின்ன இடம்தானே என்று பலர் விட்டுவிடுகிறார்கள்.

மூடுவதற்கு முன் பிரஷர் டெஸ்ட். இதைச் சொன்னால் “தண்ணி விட்டுப் பாத்தாச்சு சார், ஒழுகல” என்பார்கள். மாடித் தொட்டித் தண்ணீர் பத்து மீட்டர் உயரத்திலிருந்து வந்தாலும் சதுர செ.மீ.க்கு ஒரு கிலோ அழுத்தம்தான் தரும். எங்கள் கீழ் வீட்டுக்கு அதுவே வராது. அந்த அழுத்தத்தில் ஒழுகாத ஜாயிண்ட், நாளைக்கு பிரஷர் பம்ப் போட்டால் ஒழுகலாம். கையால் அழுத்தும் டெஸ்ட் பம்ப் வாடகைக்குக் கிடைக்கிறது. சால்வெண்ட் பசை ஒட்டி ஒரு முழு நாள் காய்ந்த பிறகு, 6 கிலோ வரை ஏற்றி மீட்டர் முள் இறங்குகிறதா என்று ஒரு மணி நேரம் பார்த்தோம். பழைய ஜி.ஐ. துண்டோடு சேரும் இடத்தில், குழாய் மாட்டும் இடத்தில் எல்லாம் பித்தளை மரை வைத்த ஃபிட்டிங் வாங்குங்கள். பிளாஸ்டிக் மரை, ஸ்பேனர் போட்டு முறுக்கும்போதே கீறிவிடும். கீறினது அன்றைக்குத் தெரியாது.

கீழ் வீட்டு பாத்ரூம்தான் உண்மையான தலைவலி. மேல் வீட்டு பாத்ரூமின் கழிவுக் குழாய்கள் தளத்துக்குக் கீழே, கீழே குளிப்பவர்கள் தலைக்கு மேலே தொங்கின. க்ளோசெட்டிலிருந்து வரும் 4 அங்குலம், தரைத் தண்ணீர் வடியும் நஹானி டிராப்பிலிருந்து வரும் 3 அங்குலம், வளைந்த டிராப்புகள், அவற்றைத் தாங்கும் துருப்பிடித்த பட்டைகள். இப்போது கட்டும் வீடுகளில் பாத்ரூம் தளத்தைத் தாழ்த்திப் போட்டு இதையெல்லாம் அதற்குள் அடக்கிவிடுகிறார்கள். பழைய வீடுகளில் தொங்கத்தான் செய்யும்.

ஃபால்ஸ் சீலிங் போட்டால் ஒரே நாளில் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். அங்கேதான் ஆபத்து. பைப் தளத்தைத் துளைத்து வரும் இடத்தைச் சுற்றி ஈரம் இருந்தால், சீலிங் போட்ட பிறகு அது யாருக்கும் தெரியாது. கம்பி துருப்பிடித்து, உப்பி, கான்கிரீட் பெயர்ந்து சீலிங்கின் மேலேயே விழும்போதுதான் தெரியும். அதனால் முதலில் மேல் பாத்ரூமில் நஹானியை அடைத்து, தரை முழுக்கத் தண்ணீர் தேக்கி ஒரு நாள் விட்டுக் கீழே பார்த்தோம். க்ளோசெட் பைப்பைச் சுற்றி ஒரு கைப்பிடி அகலத்துக்கு ஈரம் இறங்கியது. அந்த இடத்தை உடைத்து, வாட்டர் புரூஃபிங் செய்து, மறுபடி தண்ணீர் தேக்கிப் பார்த்து, காய்ந்த பிறகுதான் சீலிங் ஆள் உள்ளே வந்தார். மேல் வீட்டில் குடியிருப்பவர்களுக்குத் தொந்தரவுதான். ஆனால் இந்த வேலையைச் செய்யாமல் சீலிங் போடுவதற்குப் போடாமலே விட்டுவிடலாம்.

சீலிங் எவ்வளவு இறங்க வேண்டும் என்பதை அழகு முடிவு செய்யாது. பைப்பின் வாட்டம், அதாவது சாய்வு, முடிவு செய்யும். கழிவுக் குழாய்க்கு அடிக்குக் கால் அங்குலம் வாட்டம் வைத்தால், எட்டடி ஓட்டத்துக்கு இரண்டு அங்குலம் இறங்கும். அதற்குக் கீழே டிராப்பின் வயிறு, அதற்குக் கீழே சீலிங் ஃபிரேம். சீலிங்கை உயர்த்த வேண்டும் என்று பைப்பை மட்டமாக மாற்றச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அப்படி மாற்றினால் அடைப்பு நிச்சயம். எங்களுக்குத் தரையிலிருந்து ஏழரை அடிக்குச் சீலிங் வந்தது. குளிப்பதற்கு அது போதும்.

ஜிப்சம் போர்டை ஒட்டி வழவழவென்று பூசி முடிப்பதுதான் சீலிங் ஆட்களுக்குப் பிடித்த வேலை. பாத்ரூமுக்கு அது வேண்டாம். அலுமினிய டி-செக்‌ஷன் கட்டம் போட்டு, இரண்டுக்கு இரண்டடி பி.வி.சி. தகடுகளை அதன்மேல் சும்மா வைக்கும் முறைக்குப் போனோம். எந்தத் தகட்டையும் கையால் தூக்கிப் பார்க்கலாம். கொஞ்சம் ஆபீஸ் தோற்றம் வரும் என்பது உண்மை. டிராப்பின் அடைப்பெடுக்கும் மூடிக்கு நேர் கீழே ஒரு தகடு முழுசாக வரும்படி கட்டத்தை நகர்த்திக்கொள்ளுங்கள். சீலிங்கைத் தாங்கும் கம்பியைத் தளத்தில் ஆணி இறக்கித்தான் கட்ட வேண்டும். கண் அசந்தால் பைப்பிலேயே சுற்றிக் கட்டிவிட்டுப் போய்விடுவார்கள். எக்ஸாஸ்ட் ஃபேன் சீலிங்குக்கு மேலே மாட்டிக்கொண்டால் நீராவி வெளியேறாது. ஃபேனைக் கீழே இறக்கி வைத்தோம்.

ஹால் மூலையில் இன்னொன்று. மேலே பிற்பாடு கட்டிய பாத்ரூமின் 4 அங்குலக் குழாய் வீட்டுக்கு உள்ளேயே இறங்குகிறது. பக்கத்திலேயே பூஜை அலமாரி. அம்மா இதை இருபது வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அலமாரியை எதிர்ச் சுவருக்கு மாற்றியதில் அந்தப் பஞ்சாயத்து பைப்பைத் தொடாமலே முடிந்தது.

குழாய்க்குப் பெட்டி அடிக்கும்போது பைப்பின் அளவை மட்டும் பார்த்தால் போதாது. வெளிவிட்டம் 110 மி.மீ.தான், ஆனால் ஜாயிண்ட் வரும் இடம் அதைவிடப் பருமன், கிளாம்ப் சுவரிலிருந்து ஒரு அங்குலம் தள்ளி நிற்கும், போர்டும் ஃபிரேமும் கொஞ்சம் சாப்பிடும். 9 அங்குலத்துக்கு 9 அங்குலம் என்று வைத்தோம். அது ஒரு செங்கல் தூணின் அளவு. தரையிலிருந்து தளம் வரை நேராகக் கொண்டுபோனால் கண்ணுக்குத் தூணாகவே படும். பாதியில் நின்றால்தான் பெட்டி. அதை ஒட்டி அதே 9 அங்குல ஆழத்தில் ஒரு புத்தக அலமாரியும் அடித்துவிட்டதால் இப்போது தூண் எங்கே, அலமாரி எங்கே என்று பிரித்துப் பார்க்க முடிவதில்லை.

ஃபிரேம் ஜி.ஐ. சேனல், மேலே 8 மி.மீ. சிமெண்ட் ஃபைபர் போர்டு. ப்ளைவுட் மலிவாகத் தோன்றும். ஆனால் கழிவுக் குழாயின் பக்கத்தில், இருட்டில், வியர்வையில் மரம் வைப்பது கரையானுக்கு விருந்து. செங்கல் வைத்துக் கட்டிவிடலாம் என்றார் மேஸ்திரி. சத்தம் வராது என்பது அதில் நல்லது. ஆனால் திறக்க வழியில்லை. சத்தம் என்றதும் நினைவுக்கு வருகிறது: மேலே ஃபிளஷ் செய்தால் ஹாலில் உட்கார்ந்திருக்கும் விருந்தாளி பேச்சை நிறுத்திவிட்டு மூலையைப் பார்ப்பார். வெறும் பெட்டி இதைக் குறைக்காது, சில சமயம் அதிகமாக்கும். பைப்பைச் சுற்றி ராக் வூல் பஞ்சு சுற்றி, கிளாம்புக்கும் பைப்புக்கும் நடுவில் ரப்பர் பட்டை வைத்தோம். சத்தம் முழுசாகப் போகவில்லை, ஆனால் டி.வி. ஓடினால் கேட்காது.

தரையை ஒட்டி அடைப்பெடுக்க மூடி வைத்த வளைவு (டோர் பெண்ட்) இருக்கிறது. அதற்கு நேராக ஒரு அடிக்கு ஒரு அடி கதவு, காந்தப் பிடிப்பு, ஓரத்தில் ரப்பர். அதே பெயிண்ட் அடித்ததால் சொன்னால்தான் தெரியும். பைப் தரையைத் துளைக்கும் இடத்தைச் சுற்றிக் கம்பி வலை திணித்துச் சிமெண்ட் வைத்து அடைத்தோம். இல்லாவிட்டால் அந்தப் பெட்டி கரப்பானுக்கும் எலிக்கும் லிஃப்ட்.

கீசர் லைனில் ஒரு சங்கதி. சி.பி.வி.சி. சூட்டில் நீளும். 3 மீட்டர் பைப், 40 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 7 மி.மீ. நீளும். கிளாம்பை இறுக்கிவிட்டாலோ, கலவையில் இறுகப் புதைத்துவிட்டாலோ அந்த நீளம் எல்போவைத்தான் தள்ளும். காடிக்குள் போகும் வெந்நீர் பைப்புக்கு ஃபோம் உறை போட்டுப் பதித்தோம். அது நீளவும் இடம் கிடைக்கிறது, சூடும் சுவருக்கு அதிகம் போகாது. கீசரின் வால்வுகள் டைல்ஸுக்கு வெளியே தெரியும்படியே இருக்கின்றன. அதையும் உள்ளே தள்ளினால் பளிச்சென்று இருக்கும் என்றார்கள். நள்ளிரவில் ஒழுகினால் எதை மூடுவது?

ஏ.சி. காப்பர் லைனுக்குக் கடையில் கிடைக்கும் பி.வி.சி. டிரங்கிங் போதும். உள்ளே போகும் தண்ணீர்க் குழாய் வழி முழுக்கச் சாய்வாக இறங்குகிறதா என்று மட்டும் பாருங்கள்.

எதையும் மூடுவதற்கு முன்பு சுவரில் டேப்பை விரித்துப் பிடித்து ஃபோட்டோ எடுத்தோம். தரையிலிருந்து எத்தனை அடி, கதவு ஓரத்திலிருந்து எத்தனை அடி என்று எண் தெரிய வேண்டும். பைப்பை மட்டும் அழகாக எடுத்த படத்தால் பிறகு ஒரு பயனும் இல்லை. ஃபோன் மாறினால் படம் போய்விடும் என்பதால் பிரிண்ட் போட்டு லாஃப்ட் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். டி.வி. மாட்ட வந்த பையன் அதைப் பார்த்துவிட்டு நான்கு அங்குலம் தள்ளி டிரில் போட்டான்.

வெளிச்சுவரில் இறங்கும் பைப்புகளை நாங்கள் மறைக்கவே இல்லை. முன்பக்கத்துக்கு அலுமினிய ஏ.சி.பி. ஷீட் அடித்து மூடலாம் என்று ஒரு யோசனை வந்தது. செலவும் அதிகம், பின்னால் பல்லியும் குளவியும் குடியேறும். அதற்குப் பதிலாகப் பைப் இறங்கும் இடத்தில் சுவரில் மூன்றடி அகலத்துக்கு அடர்ந்த சாம்பல் நிறப் பட்டை ஒன்று மேலிருந்து கீழ் வரை அடித்து, பைப்புக்கும் அதே நிறம் அடித்தோம். தெருவிலிருந்து பார்த்தால் பட்டைதான் தெரிகிறது. லேசாக உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிரைமர் அடித்து, தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக் எமல்ஷன். வெயில் பட்டுப் பைப் நொறுங்கிப்போவதையும் அது தள்ளிப்போடும். பெயிண்டர் எனாமல் டப்பாவைத் திறந்தால் நிறுத்திவிடுங்கள். அதில் இருக்கும் கரைப்பான் சி.பி.வி.சி.க்கு ஆகாது. பின்பக்கச் சந்தில் யாரும் போவதில்லை. அங்கே பெயிண்ட் மட்டும் அடித்து, வால்வுகள் எல்லாவற்றுக்கும் எது எந்த லைன் என்று மார்க்கரில் எழுதித் தகடு கட்டிவிட்டோம்.